இரண்டரை மணி நேரம்

வானத்தில் வால்மீன் தோன்றினால் நாட்டுக்குத் தீங்கு வரும் என்று மக்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. நம் முன்னோர் அதனைப் புகைக்கொடி என்றனர். வடமொழியாளர் தூமகேது என்றனர். இரண்டும் ஒரே பொருளைத் தரும் சொற்களே. காவிரியின் பெருமையைக் கூற வந்த இளங்கோவடிகள், புகைக்கொடி தோன்றிய காலத்தும் அவ்வாறு வற்றாது என்னும் கருத்துப்படப் பாடியுள்ளார். அது வறட்சிக்கு அறிகுறி என்பது அந்நாளில் உலகறிந்த நம்பிக்கையாய் இருந்தமை இதனால் விளங்கும்.

இன்று அவ்வச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. நீங்கிய அச்சத்தின் இடத்தில் அறிவு வந்து அமர்ந்ததா என்று கேட்டால், யான் உடனே ஆம் என்று கூறமாட்டேன். பலரிடம் வந்து அமர்ந்தது புறக்கணிப்பே. கண்ணைப் பறிக்கும் வால்மீன் ஒன்று வந்தால் மாடிகளில் கூட்டம் கூடுகிறது. மங்கிய வால்மீன் ஒன்றைப் பற்றிப் பேசினாலோ, “கண்ணுக்கே தெரியாத ஒன்றைத் தேடி இரவெல்லாம் விழித்திருப்பதால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்கின்றனர். கற்றறிந்த நண்பர் ஒருவரே ஒருநாள் மாலை என்னை இவ்வாறு வினவினார். அன்று திண்ணையில் அமர்ந்து அவருக்குக் கூறிய விடையையே ஈண்டு உங்களுக்கும் கூற விரும்புகிறேன். யான் தமிழ் கற்றவன். வானநூலில் வல்லவன் அல்லேன். ஆயினும், இவ்வினாவுக்கு விடை கூறத் தமிழ் கற்றவனுக்கும் உரிமை உண்டு என்பதைப் போகப் போக அறிவீர்கள்.

முதலில் யான் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1986ஆம் ஆண்டில் ஹாலியின் வால்மீன் வந்தது. எழுபத்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. யான் அப்பொழுது தமிழாசிரியர் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இளைஞன். வகுப்பில் அதனைப் பற்றி வருணித்தபொழுது என் நாவுக்குக் கட்டுப்பாடு இல்லை. வானத்தின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை வெள்ளிப் பட்டாடை விரித்தாற்போல் தோன்றும் என்று கூறிவிட்டேன். மார்ச்சு மாதத்தின் நடுவில் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு மாணவர் இருபதின்மர் ஏரிக்கரையில் கூடினர். அறிவியல் ஆசிரியரும் வந்திருந்தார். தென்கிழக்கு வானில் மகர ராசியின் பக்கமாக அவர் சுட்டிய இடத்தில், நனைந்த பஞ்சுத் துணுக்குப்போல ஒன்று தெரிந்தது. அதிலிருந்து மேல்நோக்கி மெல்லிய ஆவிபோல் ஒரு கீற்று, அவ்வளவே. “இதற்காகவா ஐயா எங்களை எழுப்பினீர்கள்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். யான் தலைகுனிந்தேன்.

அறிவியல் ஆசிரியர் தலைகுனியவில்லை. அவர் எதனையும் மிகுத்துச் சொல்லியிருந்தாரல்லர். மாணவர் அனைவரையும் குறிப்பேட்டில் அருகிலிருந்த விண்மீன்களைப் புள்ளிகளாக இடச்செய்து, அவற்றினிடையே வால்மீன் நின்ற இடத்தைக் குறிக்கச் செய்தார். மறுநாளும் வரச் சொன்னார். எழுவர் வந்தனர். மூன்றாம் நாள் நால்வர். வால்மீன் நாளுக்கு நாள் இடம் பெயர்ந்திருந்ததை அந்நால்வரும் தம் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தாமே கண்டனர். அம்மகிழ்ச்சியை அவர்கள் முகத்தில் யானும் கண்டேன்.

அக்குறிப்பேடுகளை மொழிப்பிழை நோக்கித் திருத்தித் தருமாறு என்னிடம் கொடுத்தார்கள். ஒரு மாணவன், “இன்று மேகம். காணவில்லை” என்று ஒரு நாளுக்கு எழுதியிருந்தான். காணாததைப் பற்றி எழுதுவானேன் என்று எண்ணி, அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். வேறொருவன் “மங்கலாக இருந்தது” என்று எழுதியிருந்தான். அதனை “ஒளிபொருந்தி விளங்கிற்று” என்று அழகுபடுத்தினேன். அறிவியல் ஆசிரியர் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சினந்து பேசவில்லை. “ஐயா, ஏட்டுச்சுவடியில் ஓர் அடி செல்லரித்திருந்தால் நீங்கள் அதனைத் தாமாகவே எழுதி நிரப்பிவிடுவீர்களா?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி இன்றளவும் என் நெஞ்சில் நிற்கிறது. பின்னாளில் மங்கிய வால்மீன் ஒன்றின் வரலாற்றைப் படித்தபோதுதான் அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கிற்று. அந்த வால்மீன் என்கேயின் வால்மீன் எனப்படுவது.

பிரான்சு நாட்டில் மார்சேய் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கிருந்த வானாய்வுக்கூடத்தில் 1789ஆம் ஆண்டில் வாயிற்காவலராகப் பணியில் சேர்ந்தவர் பான்சு என்பவர். உயர்கல்வி பெற்றவரல்லர். அங்கிருந்த அறிஞர்கள் அவர் ஆர்வத்தைக் கண்டு தொலைநோக்கியைக் கையாளக் கற்பித்தனர். வாயில் காத்த அவ்வெளிய மனிதர் தம் வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட வால்மீன்களைக் கண்டறிந்தார். வெறுங்கண்ணால் அத்துணை வால்மீன்களைக் கண்டறிந்தவர் அவர்போல் பிறர் இலர் என்று எழுதிவிட எனக்கு ஆசை. ஆனால் அவர் கண்டது கண்ணாடியின் துணையால். பாருங்கள், மிகுத்துச் சொல்லும் பழைய நோய் இன்னும் என்னை விட்டு முழுதும் அகலவில்லை!

1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பான்சு மங்கிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அதன் இடம் நாள்தோறும் அளந்து குறிக்கப்பட்டது. அவ்வளவுகள் செருமனி நாட்டில் கோத்தா நகரத்தருகே சீபெர்க்கு என்னும் குன்றின்மேல் இருந்த வானாய்வுக்கூடத்தை அடைந்தன. அங்கே யோகான் பிரான்சு என்கே என்னும் இருபத்தேழு வயது இளைஞர் பணியாற்றி வந்தார். கணிதப் பேரறிஞர் காசு என்பாரின் மாணவர் அவர்.

வால்மீனின் பாதையைக் கணிப்பது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். கதிரவனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதை எத்துணைப் பெரிது, எத்துணை நீண்டது, எப்பக்கம் சாய்ந்தது, அதில் அப்பொருள் எந்நேரத்தில் எங்கு நின்றது என்பனவெல்லாம் அறிய ஆறு அளவுகள் வேண்டும். ஓரிரவு நோக்கினால் வானில் அதன் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். ஆகவே குறைந்தது மூன்று இரவுகள் வேண்டும். இரண்டு இரவுகள் போதா. இதனை நன்கு நினைவில் கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

அக்காலத்தில் வால்மீன் ஒன்று கண்டால், அது மிக நீண்டு திரும்பாது செல்லும் பாதையில் போவதாகக் கொண்டு கணிப்பதே வழக்கம். என்கே அவ்வாறே கணித்தார். கணக்கு வானத்தோடு பொருந்தவில்லை. மூடிய நீள்வட்டப் பாதையைக் கொண்டு கணித்தார், பொருந்திற்று. ஆனால் விடை வியப்பைத் தந்தது. கதிரவனை அது ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் மூன்றே கால் ஆண்டுக்குச் சற்று மேல் என்று வந்தது. அந்நாள் வரை குறித்தபடி மீண்டு வந்தது என மெய்ப்பிக்கப்பட்ட வால்மீன் ஹாலியினுடையது ஒன்றே. இத்துணை விரைவில் திரும்பும் வால்மீன் ஒன்று உண்டென எவரும் அறிந்திலர். அவ்வாறாயின் அது முன்னரும் பன்முறை வந்திருத்தல் வேண்டுமன்றோ?

என்கே பழைய குறிப்புகளைத் தேடினார். 1786ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மெசேன் என்பவர் ஒரு மங்கிய வால்மீனைக் கண்டிருந்தார். இரண்டு இரவுகளின் குறிப்புகளே இருந்தன. அதனால் பாதை கணிக்கப்படாமல் அது கிடந்தது. 1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கரோலின் எர்செல் அம்மையார் ஒன்றைக் கண்டிருந்தார். 1805ஆம் ஆண்டில் இதே பான்சும் வேறிருவரும் ஒன்றைக் கண்டிருந்தனர். இந்நான்கும் வெவ்வேறு வால்மீன்கள் என்றே உலகம் நினைத்திருந்தது. நான்கும் ஒன்றே என்று என்கே காட்டினார். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அது பத்துச் சுற்றுகளை முடித்திருந்தது. இடையில் ஏழுமுறை வந்தும் எவர் கண்ணிலும் படாமல் சென்றிருந்தது. மெசேன் குறித்து வைத்த அந்த இரண்டு இரவுகள் அவருக்குப் பயன்படவில்லை. தனியே நின்று எவருக்கும் பயன்பட்டிருக்கவும் மாட்டா. ஆயினும் முப்பத்து மூன்று ஆண்டு கழித்துப் பிறிதொரு நாட்டில் ஒருவர் கையில் அவை உயிர் பெற்றன. பயன் யாது என்று கேட்ட என் நண்பருக்கு யான் கூறிய முதல் விடை இதுவே.

அடுத்து, 1822ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வால்மீன் கதிரவனை மீண்டும் அணுகும் என்றும், ஐரோப்பாவிலிருந்து அதனைக் காண்பது அரிது, தென்னாடுகளிலிருந்து காணலாம் என்றும் கணிப்பு வெளிவந்தது. ஆத்திரேலியாவில் பரமட்டா என்னும் ஊரில், நியூ சௌத் வேல்சின் ஆளுநர் பிரிசுபேன் தாமே ஒரு வானாய்வுக்கூடம் அமைத்திருந்தார். அங்குப் பணிபுரிந்த உரூம்கர் என்பவர், 1822 சூன் 2ஆம் நாள், குறித்த இடத்திற்கு அருகில் அவ்வால்மீனைக் கண்டார். உலகின் ஒரு கோடியில் தாளில் எழுதிய கணக்கு மறுகோடியின் வானத்தில் மெய்யாயிற்று. அதுமுதல் அவ்வால்மீனுக்கு என்கேயின் பெயரே வழங்கிற்று. அவரோ தம் வாழ்நாள் முழுவதும் அதனைப் பான்சின் வால்மீன் என்றே எழுதிவந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் யான் இதனை எழுத வந்திருக்கமாட்டேன். வெற்றிக் கதைகள் உங்களுக்குப் போதிய அளவு சொல்லப்படுகின்றன.

வியாழன் முதலிய கோள்கள் அவ்வால்மீனை இழுக்கும் இழுப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் கணக்கிட்ட பின்னும், ஒரு சிறு வேறுபாடு எஞ்சி நின்றதை என்கே கண்டார். ஒவ்வொரு சுற்றும் அதற்கு முந்திய சுற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் குறைந்து வந்தது. ஒரு சுற்றின் காலம் ஆயிரத்திருநூறு நாள் அளவு. அதில் இரண்டரை மணி நேரம் என்பது பதினோராயிரத்தில் ஒரு பங்கினும் சிறிது. பிறராயின் கண்ட குறிப்பில் பிழை என்று கூறித் தள்ளியிருப்பர். அன்றி, கணக்கில் ஓர் எண்ணை ஓசைப்படாமல் திருத்தி ஒப்பேற்றியிருப்பர். மங்கிய பஞ்சுப்பொதிபோன்ற ஒன்றின் நடுப்புள்ளி இதுதான் என அறுதியிடுவது எளிதன்று. ஆகவே பிழை என்று சொல்ல நல்ல சாக்கும் இருந்தது. என்கே அவ்விரண்டையும் செய்திலர். வேறுபாட்டை வேறுபாடாகவே எழுதி வைத்தார். அதற்குத் தாம் கருதிய காரணத்தையும் எழுதி வைத்தார்.

அவர் கருதிய காரணம் இது: கோள்களுக்கிடையே மிக மெல்லிய ஏதோ ஒரு பொருள் பரவியிருக்கிறது, அது வால்மீனின் ஓட்டத்தைத் தடுக்கிறது. தடுத்தால் காலம் தாழ வேண்டுமேயன்றி விரைவில் வருவது எங்ஙனம் என்று நீங்கள் ஐயுறலாம். வேகம் குறைந்த பொருளைக் கதிரவன் மேலும் தன்பால் இழுத்துக்கொள்ளும்; பாதை சுருங்கும்; சுருங்கிய பாதையில் சுற்று விரைவில் முடியும். செக்கில் மாடு பூட்டிய தடியைக் குறுக்கினால் மாடு ஒரு சுற்றை விரைவில் முடிப்பது போல என்க. கருத்து அழகியதே. பலரும் அதனை ஏற்றனர். என்கே 1865ஆம் ஆண்டில் மறையும்வரை அதனையே நம்பினார்.

அக்கருத்து தவறு. அவருக்குப் பின் உருசிய நாட்டில் புல்கோவா வானாய்வுக்கூடத்தில் ஆசுதன், பாக்லுண்டு என்பார் அவ்வால்மீனை விடாது கணித்து வந்தனர். 1868ஆம் ஆண்டை ஒட்டி அக்கால வேறுபாடு சுருங்கத் தொடங்கியதைக் கண்டனர். வான்வெளியில் பரவிய தடை திடீரென்று குறைவது ஏன்? அன்றியும் வேறு சில வால்மீன்கள் குறித்த காலத்தினும் பிந்தி வருவது தெரிந்தது. ஹாலியின் வால்மீன் ஒவ்வொரு முறையும் கணக்கைவிட நான்கு நாள் அளவு பிந்தி வருகிறது. தடுக்கும் பொருளால் முந்தி வருதல் கூடும். பிந்தி வருதல் கூடாது.

1950ஆம் ஆண்டில் அமெரிக்க வானநூலறிஞர் விப்பிள் வேறு விளக்கம் தந்தார். வால்மீனின் நடுவில் தூசும் கல்லும் கலந்த பனிக்கட்டி உருண்டை ஒன்று உள்ளது. கதிரவன் அருகில் வரும்போது பனி சூடேறி ஆவியாய்ப் பீறிடுகிறது. வாணம் நெருப்பைக் கீழே உமிழ்ந்து தான் மேலே செல்வது போல, பீறிடும் ஆவி அவ்வுருண்டையை எதிர்ப்புறம் தள்ளுகிறது. உருண்டை தன்னைத்தானே சுழல்கிறது. நம் ஊரில் உச்சிப்பொழுதைவிடப் பிற்பகல் இரண்டு மணிக்கு வெயிலின் கொடுமை மிகுவதை அறிவீர்கள். அதுபோல அங்கும் வெப்பம் சற்றுத் தாழ்ந்து உச்சம் அடைவதால், ஆவி நேராகக் கதிரவனை நோக்கிப் பீறிடாமல் ஒரு பக்கம் சாய்ந்து பீறிடுகிறது. அச்சாய்வு ஓட்டத்திற்கு எதிராகத் தள்ளினால் வால்மீன் முந்தி வரும். ஓட்டத்தோடு சேர்ந்து தள்ளினால் பிந்தி வரும். சுழலும் அச்சு மெல்ல மாறினால் வேறுபாடும் மாறும். மூன்று புதிர்களும் ஒருங்கே அவிழ்ந்தன. ஆவியின் உந்துதலைப் பற்றிப் பெசல் என்னும் அறிஞர் 1836ஆம் ஆண்டிலேயே சொல்லியிருந்தார் என்பதையும் இங்குக் கூறிவிடுதல் முறை. 1986 மார்ச்சு மாதத்தில், நாங்கள் ஏரிக்கரையில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற அதே நாள்களில், சியோத்தோ என்னும் விண்கலம் ஹாலியின் அருகே சென்று அக்கரிய உருண்டையையும் அதனின்று பீறிடும் ஆவித் தாரைகளையும் படம் பிடித்தது.

இப்பொழுது எண்ணிப் பாருங்கள். என்கேயின் விளக்கம் வீழ்ந்தது. அவர் எழுதிய எண்கள் வீழவில்லை. அவ்வெண்கள் இன்றேல் விப்பிளுக்கு விளக்க வேண்டிய பொருளே இருந்திராது. தம் விளக்கத்தின்மேல் கொண்ட அன்பினால் அவர் ஓர் எண்ணை வளைத்திருந்தால், அவரும் கெட்டு, பின்வந்த நூறாண்டு அறிஞரையும் கெடுத்திருப்பார்.

தமிழ் கற்றவனுக்கும் இதில் உரிமை உண்டு என்றேன் அல்லவா? பழந்தமிழ் நூல்கள் ஏட்டுச்சுவடியில் கிடந்தன. 1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டார். ஏடு சிதைந்து எழுத்துப் போன இடங்களை அவர் புள்ளியிட்டு வெற்றிடமாகவே விட்டார். அவர்தம் புலமைக்கு அவ்விடங்களில் ஓர் அடியை இயற்றி இட்டு நிரப்புவது அரிதா? எவரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். ஏட்டில் உள்ளதை உள்ளவாறு மேலே எழுதுவதும், தம் கருத்தைக் கீழே குறிப்பாக எழுதுவதுமே நல்ல பதிப்பாசிரியரின் முறை. இரண்டையும் கலப்பவர் நூலைக் கொல்கிறார். என் ஆசிரியர் ஏடு பார்க்கக் கற்பித்த நாளில் இதனை எத்துணையோ முறை வற்புறுத்தினார். அவ்வளவு கற்றும், அம்மாணவனின் குறிப்பேட்டில் “காணவில்லை” என்ற ஒரு வரியை அடித்தேன் என்பதுதான் என் வருத்தம். அந்நாளில் மேகம் இருந்தது என்பதும் வானத்தின் செய்தியே.

இடத்தை அளப்பதினும் ஒளியை அளப்பது அரிது. இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. விண்மீன்களை ஒளியால் ஆறு தரமாகப் பிரிப்பது பழைய வழக்கம். மிக்க ஒளியுடையது முதல் தரம். கண்ணுக்கு அரிதில் தெரிவது ஆறாந்தரம். அதற்கு 1856ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வகுத்தவர் நார்மன் பாக்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் தரத்துக்கும் ஆறாந்தரத்துக்கும் இடையே ஒளி நூறு மடங்கு வேறுபடும் என்று கொண்டார். எனவே ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. (இங்கும் இரண்டரை வந்து நிற்பது வெறும் தற்செயலே.) இன்றும் உலகம் முழுவதும் வழங்குவது அக்கணக்கே. அப்பாக்சன் 1861ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தின் தலைவராக 1891இல் தாம் இறக்கும்வரை பணியாற்றினார்.

விண்மீன் ஒரு புள்ளி. வால்மீன் பரந்த புகை. புள்ளியையும் புகையையும் ஒப்பிடுவது எவ்வாறு? தொலைநோக்கியின் குவியத்தைச் சற்றே கலைத்து விண்மீனையும் புகைபோல் பரப்பி, ஒளி தெரிந்த விண்மீன்கள் இரண்டினிடையே வால்மீனின் தரத்தை மதிப்பிடுவர். கண்ணுக்குக் கண் இது மாறும். கருவிக்குக் கருவியும் மாறும். பெரிய தொலைநோக்கியில் பார்ப்பவர் நடுவிலுள்ள ஒளியையே காண்பர்; விளிம்பில் பரந்த மெல்லிய ஒளி அவர் கண்ணுக்குத் தப்பிவிடும். சிறிய கருவியில் பார்ப்பவர்க்கு அதே வால்மீன் கூடிய ஒளியுடையதாகத் தோன்றும். என்கேயின் வால்மீன் திரும்புந்தோறும் மங்கி வருகிறது, விரைவில் அழிந்துவிடும் என்று முன்னொரு காலத்தில் சிலர் முடிவு கட்டினர். அவ்வளவு விரைவாக மங்கியது வால்மீன் அன்று. பார்ப்பவரின் கருவிதான் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டு வந்தது என்று பின்னர் வேறு சிலர் எடுத்துக்காட்டினர். எந்தக் கருவியால் பார்த்தேன் என்று ஒவ்வொருவரும் எழுதிவைத்த இடத்தில் இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. எழுதாது விட்ட இடத்தில் கிடைக்கவில்லை. எவர் வீட்டு ஏடு, எந்த ஊர் ஏடு என்று குறிப்பதை வீண் வேலை என்று எண்ணும் மாணவர் இதனை ஊன்றி நோக்குக.

பாக்சன் வாழ்விலும் மங்கிய வால்மீன் ஒன்று வந்தது. ஆறே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த பியேலாவின் வால்மீன் 1846ஆம் ஆண்டில் இரண்டாகப் பிளந்தது. 1852இல் இரண்டும் ஒருமுறை தோன்றின. பின் எவரும் காணவில்லை. 1872 நவம்பர் 27ஆம் நாள் இரவு, அதன் பாதையை நிலவுலகம் கடந்தபோது, ஐரோப்பாவில் எரிமீன்கள் மழைபோல் சொரிந்தன. உடனே செருமனியிலிருந்து கிளிங்கர்பூசு என்னும் அறிஞர் சென்னையிலிருந்த பாக்சனுக்குத் தந்தியடித்தார். தென்வானில் இன்ன விண்மீனருகே தேடுக என்று வேண்டினார். சென்னையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகிய சிறு பொழுதில், டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் பாக்சன் அவ்விடத்தருகே ஒரு வால்மீனைக் கண்டு அளந்தார். பின்னர் மேகம் மூடிக்கொண்டது. மூன்றாம் இரவு கிடைக்கவில்லை.

இரண்டு இரவுகள் போதா என்று முன்னர்ச் சொன்னேன். பாக்சன் கண்டது பியேலாவின் வால்மீன் அன்று என்றே பின்னர்க் கணித்தோர் கூறினர். வேறு எது என்று இன்றுவரை துணியப்படவில்லை. மூன்றாம் இரவு ஒன்றைப் பாக்சன் கற்பனையால் இட்டு நிரப்பியிருந்தால், தொலைந்த வால்மீனைக் கண்டெடுத்தவர் என்னும் புகழை அடைந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மெசேனின் இரண்டு இரவுகளுக்கு ஓர் என்கே வாய்த்தார். நுங்கம்பாக்கத்து இரண்டு இரவுகளுக்கு இன்னும் எவரும் வாய்க்கவில்லை. அவற்றையும் பயனற்றவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் நண்பர் இந்த இடத்தில் என்னோடு உடன்படவில்லை. அவர் கருத்து அவருக்கு.

என்கேயின் வால்மீன் இன்றும் வந்து போகிறது. அதன் உருண்டை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமே உடையது. கதிரவனை ஐந்து கோடிக் கிலோமீட்டர் அளவு நெருங்கிப் பின் அறுபது கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் விலகுகிறது. 1835ஆம் ஆண்டில் அது புதனின் அருகே சென்றபோது, புதன் அதனை இழுத்த அளவைக் கொண்டு என்கே அக்கோளின் நிறையை மதிப்பிட்டார். துணைக்கோள் இல்லாத புதனை எடைபோட அந்நாளில் அது நல்ல தராசாயிற்று. 1818 முதல் அது திரும்பிய ஒவ்வொரு முறையும் எவரேனும் அதனைக் கண்டு குறித்துள்ளனர். உலகப்போர் நடந்த 1944ஆம் ஆண்டு ஒன்றே விடுபட்டது. பட்டியலில் அவ்வாண்டுக்கு எதிரே காணவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. ஒருவரும் அதனைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை.

2023 அக்டோபரில் அது கதிரவனை அணுகிச் சென்றது. அதற்கு அடுத்த அணுகல் 2027 பிப்ரவரியில் எனக் கணிக்கப்பட்டுள்ளது. என்கே கண்ட இரண்டரை மணி நேர வேறுபாடு இக்காலத்தில் மிகச் சுருங்கிவிட்டது. எனினும் ஆவி தள்ளும் அச்சிறு அளவும் அக்கணிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது.